எங்க குளம் மூச்சு விட்ட வரலாறு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுன்னு கூட்டமைப்புத் தலைவி அக்கா என்னைக் கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில தீர்மான நோட்டு எழுதுறேன், அவ்வளவுதான். வரலாறு எழுத எனக்கென்ன தெரியும்னு தயங்கினேன். "ராஜா கதையா கேட்டேன்? உங்க குளத்துக் கதையை எழுது, மீன் வளர்க்கிற மத்த குழுவுக்கும் உதவும்"னு சொன்னாங்க. அதனால எழுதுறேன். இதுல நாங்க செஞ்ச ஒரு பெரிய தப்பும் வருது. அதை மறைச்சா வரலாறு ஆகாது.

பழைய காலத்து மீன்

எங்க ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். குளம் சுமார் ஒரு ஏக்கர். முன்னாடி மழைத் தண்ணிதான். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிஞ்சு, கல்லணைக் கால்வாயும் வந்த பிறகு ஆத்துத் தண்ணி வர ஆரம்பிச்சுது. அந்தக் கால்வாயைத்தான் நாம புது ஆறுன்னு சொல்றோம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தா, கொஞ்ச நாள்ல வாய்க்கால் வழியா குளத்துக்குப் புதுத்தண்ணி வந்து விழும். எங்க மாமியார் சொல்லுவாங்க, தண்ணி விழற மதகுகிட்ட மீன் எதுத்து ஏறும், அன்னிக்கு ஊர்ல எல்லா வீட்டுலயும் மீன் குழம்புதான்னு.

அப்ப குளத்துல இருந்தது விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. யாரும் குஞ்சு விடலை, தீனி போடலை. கோடையில குளம் வத்தி முழங்கால் அளவு கலங்கல் தண்ணி நின்னாலும் அந்த மீன் சாகாது. ஏன் சாகாதுன்னு நாங்க யாரும் யோசிச்சதே இல்லை.

காரணம் என்னன்னா, இந்த மீனுங்க தண்ணியில கரைஞ்ச காத்தை மட்டும் நம்பி இருக்கிறது இல்லை. மேலே வந்து, நம்மளை மாதிரி வெளிக் காத்தையே குடிச்சுட்டுப் போகும். விராலை மேலே வரவிடாம தண்ணிக்குள்ளேயே அமுக்கி வெச்சா, அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பனையேறிக்கு ஒரு பெரிய பேரே உண்டு. நம்ம தரங்கம்பாடியில 1791-ல் டால்டோர்ஃப்னு ஒரு டேனிஷ் படை அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்துல ஒரு மீன் ஏறினதைப் பார்த்தேன்னு எழுதினாராம். அதை 1797-ல் லண்டன்ல அச்சிட்டாங்க. மரம் ஏறிச்சோ இல்லையோ, தண்ணியை விட்டு வெளியே வந்தும் ரொம்ப நேரம் உயிரோட இருக்கும். அது நாம எல்லாரும் பார்த்ததுதான்.

கங்கையிலேர்ந்து வந்த மீன்

இப்ப நாம குளத்துல வளர்க்கிற கட்லா, ரோகு, மிருகால் மூணும் நம்ம காவேரி மீன் இல்லை. கங்கைப் பக்கத்து ஆத்து மீன். ஓடுற தண்ணியில, வெள்ளக் காலத்துலதான் முட்டை போடும். நின்ன குளத்துல வளரும், ஆனா முட்டை போடாது. அதனால முன்னாடியெல்லாம் வங்காளத்து ஆறுங்கள்ல குஞ்சு புடிச்சுத்தான் கொண்டு வரணும்.

1957 ஜூலை 10-ந் தேதி ஒரிசாவில ஹீராலால் சௌத்ரின்னு ஒரு விஞ்ஞானி, மீனோட மூளைக்கு அடியில இருக்கிற ஒரு சுரப்பியிலிருந்து மருந்து எடுத்து ஊசி போட்டு, இந்தக் கெண்டைகளை முட்டை போட வெச்சார். அந்த நாளைத்தான் இப்ப தேசிய மீன் வளர்ப்போர் தினம்னு கொண்டாடுறோம். 1959-ல் வெள்ளிக் கெண்டையும் புல்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1970-களில் இதையெல்லாம் ஒரே குளத்துல சேர்த்து விடுற கூட்டு மீன் வளர்ப்பும், அதுக்கு உதவ மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையும் வந்தது. கட்லா மேலே மேயும், ரோகு நடுவுல மேயும், மிருகால் அடியில மேயும். ஒண்ணோட தீனியில இன்னொண்ணு கை வைக்காது.

இதெல்லாம் நல்லதுதான். ஆனா ஒரு விஷயம் மாறிப்போச்சு. பழைய மீன் தன் மூச்சைத் தானே பார்த்துக்கிச்சு. புது மீனுக்குத் தண்ணிதான் மூச்சுக் கொடுக்கணும். ஓடுற ஆத்து மீனை நின்ன தண்ணியில விட்டுட்டு, ஆத்துல நூறு மீன் இருக்கிற இடத்துல ஆயிரம் மீனை விட்டுட்டு, நாம தீனியை மட்டும் கணக்குப் பார்த்தோம்.

அந்த ஐப்பசி விடியக்காலை

கஜா புயலுக்கு முந்தின வருஷம். ஊராட்சியில மீன்பாசி ஏலம் விட்டாங்க. வழக்கமா எடுக்கிறவர் ஒருத்தர் உண்டு. அந்தத் தடவை எங்க குழு எடுத்தோம். எங்க குழுவிலேயே இருந்த ஒரு அக்காவோட கொழுந்தனார்தான் அவர். ஏலத்துல கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. "பொம்பளைங்க மீன் வளர்க்கிற லட்சணத்தைப் பார்க்கத்தானே போறேன்"னு சொல்லிட்டுப் போனார்.

வங்கிக் கடன்ல குஞ்சு வாங்கினோம். ஏக்கருக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரைக்கும் விடலாம்னு சொன்னாங்க. கூட விட்டா கூட வரும்னு நாங்க ஆறாயிரம் விட்டோம். குஞ்சு வந்த பாலித்தீன் பையிலேயே எங்களுக்குப் பாடம் இருந்துச்சு. பையில ஒரு பங்குதான் தண்ணி, இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைச்சிருந்தாங்க. தண்ணிக்குக் காசு கொடுக்கிறோமா காத்துக்குக் காசு கொடுக்கிறோமான்னு சிரிச்சோம். ஏன் அப்படி அடைக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை.

சாணியும் தாராளமா கொட்டினோம். தண்ணி பச்சைப் பசேல்னு ஆச்சு. பச்சையா இருந்தா மீனுக்குத் தீனி நிறைய இருக்குன்னு சந்தோஷப்பட்டோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பையில கட்டித் தொங்கவிடுவோம், மறுநாள் காலியா இருக்கும்.

ஐப்பசியில மூணு நாள் வெயிலே இல்லை. மூட்டமா இருந்துச்சு, காத்தும் இல்லை. இரண்டாவது நாள் தீனிப்பை அப்படியே திரும்பி வந்தது. குளிருக்குத் தின்னலைன்னு நினைச்சுக்கிட்டோம். மூணாவது நாள் விடியக்காலை என் மாமியார்தான் பார்த்துட்டு வந்து எழுப்பினாங்க. குளம் முழுக்க மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கிட்டு இருக்கு. கல்லை விட்டு எறிஞ்சாலும் உள்ளே போகலை. பெரிய பெரிய கட்லா முதல்ல மல்லாந்துச்சு. நாங்க இறங்கி அன்னக்கூடையால தண்ணியை அள்ளி அள்ளி ஊத்தினோம். சேறு கலங்கினதுதான் மிச்சம். வெயில் ஏறுறதுக்குள்ள கரையெல்லாம் வெள்ளை வெளேர்னு மீன். புதைக்கிறதுக்குக் குழி வெட்டினோம். அன்னிக்கு எங்க தெருவுல அடுப்பு எரியலை.

யாரோ ஒருத்தர் சொன்னாங்க, "ஒரே ராத்திரியில இவ்வளவு மீன் சாகுமா? விஷம்தான்." அதுக்கப்புறம் யாரும் வேற எதையும் நினைக்கலை. ஏலத்துல தோத்தவர் வெச்சார்னு எல்லாரும் சொன்னோம். அன்னிக்குச் சாயந்திரம் கூட்டம் போட்டோம். "குளத்தில் விஷம் வைத்ததால் மீன்கள் இறந்துவிட்டன" என்று தீர்மான நோட்டில எழுதினது என் கைதான். அவர் பேரையும் எழுதினேன். அந்த அக்கா ஒண்ணும் பேசலை. பாஸ்புக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. மறு வாரத்திலிருந்து கூட்டத்துக்கு வரலை. அவங்க பொண்ணும் என் பொண்ணும் ஒரே வகுப்பு. அதுங்களும் பேசிக்கலை.

"விரால் செத்துச்சா?"

தை மாசம் மீன் வளர்ப்புப் பயிற்சிக்கு எங்க குழுவிலிருந்து இரண்டு பேர் போனோம். பயிற்சி கொடுத்த அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லி, விஷம் வெச்சுட்டாங்கன்னு அழுதேன். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "குளத்துல விரால் செத்துச்சா?"

நான் யோசிச்சேன். விரால் சாகலை. குறவை சாகலை. தவளை சாகலை. தண்ணிப்பாம்பு கூட அன்னிக்கு ஓடிச்சு, பயந்து கத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு.

"விஷம் ஆளு பார்த்துக் கொல்லாதும்மா. விஷமா இருந்தா எல்லாம் செத்திருக்கும். வெளிக் காத்தைக் குடிக்கிற மீன் பிழைச்சு, தண்ணிக் காத்தை நம்பின மீன் மட்டும் செத்திருக்கு. பெரிய மீன் முதல்ல போயிருக்கு. விடியக்காலையில போயிருக்கு. உங்க மீன் மூச்சு முட்டித்தான் செத்துது"ன்னாங்க.

அப்புறம் விளக்கினாங்க. நாம சுவாசிக்கிற காத்தோட ஒப்பிட்டா, அதே அளவு தண்ணியில ஆக்சிஜன் முப்பதில் ஒரு பங்குகூட கிடையாது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஏழரை மில்லிகிராம் கரைஞ்சு நின்னாலே பெரிசு. தண்ணி சூடாக ஆக இன்னும் குறையும். அஞ்சுக்கு மேலே இருந்தா மீன் நல்லாத் தின்னு வளரும். மூணுக்குக் கீழே போனா தீனியைத் தொடாது, மேலே வந்து திணறும். இன்னும் குறைஞ்சு ரொம்ப நேரம் நின்னா செத்துப்போகும்.

குளத்துல இருக்கிற பச்சைப் பாசி பகல்ல வெயில் இருந்தா ஆக்சிஜன் விடும். ராத்திரியில அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கும். அடியில மக்குற சாணியும் எடுத்துக்கும். அதனால பொழுது சாய ஆரம்பிச்சதிலிருந்து குறைஞ்சுக்கிட்டே வந்து, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரொம்பக் கம்மியா இருக்கும். மூட்டம் போட்டு நின்னா பகல்லயும் வரவு இல்லை, ராத்திரி செலவு மட்டும் நடக்கும். நம்ம குழுக் கணக்கு மாதிரிதான். மூணு நாள் சேமிப்பு வராம கடன் மட்டும் கொடுத்துக்கிட்டே இருந்தா பெட்டி என்ன ஆகும்?

ஆறாயிரம் மீனு, அளவில்லாத சாணி, மூணு நாள் மூட்டம். விஷத்தை வெச்சது நாங்கதான்.

பஸ்ஸுல திரும்பி வர்றப்ப மீனைப் பத்தி எனக்கு நினைப்பே இல்லை. தீர்மான நோட்டில நான் எழுதின அந்த வரிதான் கண்ணுல நின்னுச்சு.

குழுவில சொன்னேன். இரண்டு பேர் ஒத்துக்கலை. மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. அஞ்சு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். அக்கா கதவைத் திறந்தாங்க, உக்காரச் சொன்னாங்க. கொழுந்தனார் திண்ணையில இருந்தார். "எங்க மேலதான் தப்பு, மன்னிச்சுக்குங்க அண்ணே"ன்னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஊரு முழுக்கச் சொன்னீங்க. இதையும் ஊரு முழுக்கச் சொல்லுங்க"ன்னார். நியாயம்தான். அடுத்த கிராம சபையில எழுந்து சொன்னோம்.

தீர்மான நோட்டில அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடலாம்னு சிலர் சொன்னாங்க. நான் கிழிக்கலை. அந்தத் தீர்மானம் தவறானது, மீன்கள் ஆக்சிஜன் குறைவால் இறந்தன என்று புதுத் தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அக்கா அன்னிக்கு வந்து கடைசியாகக் கையெழுத்துப் போட்டாங்க.

கஜா

அடுத்த வருஷம் மூவாயிரம் குஞ்சுதான் விட்டோம். சாணியைக் குறைச்சோம். நல்லா வந்தது. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்துச்சு. நம்ம பக்கம் தென்னைக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளத்தைச் சுத்தி இருந்த தென்னை அத்தனையும் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. கரண்ட் இல்லை. அது வர வாரக்கணக்கு ஆச்சு.

வீட்டு ஓடு பறந்து கிடக்கையில குளத்தைப் பத்தி நினைக்க யாருக்கு மனசு வரும்? ஆனா மட்டையும் இலையும் தண்ணியில அழுக ஆரம்பிச்சா என்ன ஆகும்னு இப்ப எங்களுக்குத் தெரியும். மூணாம் நாளிலிருந்து பத்துப் பன்னெண்டு பேர் இறங்கி மட்டையை இழுத்துக் கரையில போட்டோம். சேறு கலங்காம ஓரத்திலிருந்தே கயிறு போட்டு இழுத்தோம். தீனி போடுறதை நிறுத்திட்டோம். அப்படியும் ஒரு காலையில மீன் மேலே வந்து வாயைப் பிளந்துச்சு.

அக்காவோட கொழுந்தனார்கிட்ட ஒரு டீசல் இன்ஜின் இருந்துச்சு. நாங்க கேட்கலை, கேட்க வாய் வரலை. அக்காதான் போய்ச் சொன்னாங்க. அவரே வண்டியில ஏத்திக்கிட்டு வந்தார். குளத்துத் தண்ணியையே மேலே இறைச்சு, ஓட்டை போட்ட குழாய் வழியா மழை மாதிரி திரும்பக் குளத்துலயே விழ வெச்சோம். தண்ணி சிதறி விழும்போதுதான் காத்து அதுல சேரும். பத்து நிமிஷத்துல மீனெல்லாம் தண்ணி விழுற இடத்துக்கு வந்து கூடிடுச்சு. என் மாமியார் சொன்ன மதகு ஞாபகம் வந்துச்சு. அந்தக் காலத்துல புதுத்தண்ணி விழற இடத்துல மீன் ஏறினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

கொஞ்சம் மீன் போச்சு. பெரும்பகுதி பிழைச்சுது. அவர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கிட்டார்.

சக்கரம் வந்த பிறகு

காத்தடிக்கிற சக்கரத்தை நாங்க முதல்ல பார்த்தது வேதாரண்யம் பக்கம் இறால் குட்டையிலதான். 1990-களிலேயே கடற்கரையோரம் அது வந்துடுச்சு. இறால் குட்டையால நிலமும் குடிதண்ணியும் உப்பாகுதுன்னு நம்ம பெண்கள் போராடினதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் தனி வரலாறு. ஆனா அந்தச் சக்கரம் நல்ல தண்ணிக் குளத்துக்கும் பயன்படும். கூட்டமைப்புக் கடன்ல ஒரு சக்கரம் வாங்கினோம். ஏரேட்டர்னு பேரு. துடுப்பு சுத்திச் சுத்தித் தண்ணியை அடிச்சுத் தெளிக்கும்.

ராத்திரி இரண்டு, மூணு மணிக்குப் போடணும், வெயில் வந்ததும் நிறுத்தணும். அங்கதான் சண்டை வந்துச்சு. "நடு ராத்திரியில பொம்பளைங்க குளத்தங்கரைக்கா?"ன்னு எல்லா வீட்டுலயும் கேட்டாங்க. இரண்டு இரண்டு பேரா முறை போட்டோம். முதல் ராத்திரி எங்க மாமியாரே என்கூட டார்ச் எடுத்துக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் பேசலை.

சக்கரம் வந்த பிறகு மீனோட குணமே மாறிப்போச்சு. முன்னாடி காலையில மந்தமா நிக்கிற மீன், இப்ப விடிஞ்சதும் தீனிப்பையைச் சுத்தி வருது. அடியில மேயற மிருகால் நல்லா எடை போடுது. தூண்டில் போடுற பசங்ககிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க. மேலே வந்து திணறுற மீன் கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா இரையைத் தொடாது. மூச்சுக்கே வழி இல்லாதப்ப யாருக்குச் சோறு இறங்கும்? சக்கரம் ஓடி நின்ன காலையிலதான் தூண்டில் கடிக்கும்.

வலை போடுறதுலயும் வித்தியாசம் உண்டு. மூச்சு முட்டின மீனை வளைக்கிறது சுலபம், ஆனா கரைக்கு வர்றதுக்குள்ள செத்துடும். செத்த மீனுக்கு வியாபாரி பாதி விலைதான் சொல்லுவார். தெம்பா இருக்கிற ரோகும் வெள்ளிக் கெண்டையும் வலையைத் தாண்டிக் குதிக்கும், வேலை வாங்கும். ஆனா உயிரோட தராசுக்கு வரும். வளர்ச்சி பார்க்க வீச்சு வலை போடுறதா இருந்தா, சக்கரத்தை நிறுத்தின கொஞ்ச நேரத்துல அது ஓடின இடத்துக்குப் பக்கத்துல போடுங்க. மீன் அங்கதான் கூடி இருக்கும்.

மத்த குழுக்களுக்கு நாங்க சொல்றது இதுதான். குஞ்சை அளவா விடுங்க. தீனிப்பை தின்னாம திரும்பி வந்தா அன்னிக்கே எச்சரிக்கையா இருங்க. மூட்டம் போட்டா சாணியும் தீனியும் வேண்டாம். மீன் பிடிக்கப் போற அன்னிக்கு முந்தின ராத்திரி தீனி போடாதீங்க, சக்கரத்தை ஓட்டுங்க. பல நாள் நின்ன குளத்துல திடீர்னு சக்கரத்தைப் போட்டு அடித்தண்ணியைக் கலக்காதீங்க, கெட்ட தண்ணி மேலே வந்து மீன் சாகும். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சாச்சான்னு ஒருத்தருக்கு இரண்டு பேரா பாருங்க. சக்கரம் வாங்க முடியாத குழு, இன்ஜின் தண்ணியை உயரத்திலிருந்து சிதறி விழ வெச்சாலே ஆபத்துக்கு உதவும்.

இப்ப அந்த அக்காதான் எங்க குழுவோட ஊக்குநர். இந்தக் கதையை எழுதலாமான்னு அவங்ககிட்டதான் முதல்ல கேட்டேன். "எழுது, நோட்டுல இருக்கிற மாதிரியே எழுது"ன்னு சொன்னாங்க. அந்தப் பழைய நோட்டு இன்னும் எங்க குழுப் பெட்டியில இருக்கு. தப்பான தீர்மானம் ஒரு பக்கம், திருத்தின தீர்மானம் இன்னொரு பக்கம். புதுசா சேர்ற உறுப்பினருக்கு இரண்டையும் வாசிச்சுக் காட்டுவோம். அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு ராத்திரி முறை கொடுப்போம்.